முட்டத்துக்கு அப்பால் ஒரு மேடு

வியாழக்கிழமை காலை ஐந்தேகால் மணிக்குச் சங்கரன்கோவில் ரதவீதி முக்கிலிருந்து கிளம்பினோம். மூன்று சைக்கிள், மூன்று பேர், என் பையில் ஒரு கல். தை மாதம். பனி மூக்கில் ஏறியது. எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஐம்பத்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து நாகர்கோவில் எண்பது. நாகர்கோவிலிலிருந்து ராஜாக்கமங்கலம் வழியாக முட்டம் இருபது. அதற்கு அப்பால் நாங்கள் போன ஊருக்கு ரோட்டில் மைல்கல் நடவில்லை. அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெயமணி சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் உள்ளபடி.

நான் பேச்சியம்மாள். குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களில், அரசாங்க சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருஷம் ஆயாவாக இருந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற படிப்புத்தான். ஆனால் எண்களில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அதனால் வழி நெடுக ரோட்டோரக் கல்லைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு.

ஜெயமணி எங்கள் நர்ஸ். ஐம்பத்தொரு வயது. கடற்கரையில் பிறந்து எங்கள் கரிசல் காட்டுக்கு வேலைக்கு வந்தவள். சம்பளத்தில் அவள் மேலே, வயதில் நான் மேலே. டூட்டியில் சிஸ்டர் என்பேன், வெளியே ஜெயமணி என்பேன். எனக்குச் சைக்கிள் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். மழையில்லாத ஒரு வருஷம், தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். சைக்கிள் படிக்க வறண்ட கண்மாயைப் போல நல்ல இடம் கிடையாது. விழுந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. நான் நாலு தடவைதான் விழுந்தேன்.

மூன்றாவது ஆள் சண்முகத்தாய். இளையரசனேந்தலில் பால்வாடி டீச்சர். நாற்பத்து மூன்று வயது. வாய் சும்மா இருக்காது.

போனது ஊர் பார்க்க அல்ல. ஜெயமணிக்கு ஓர் அண்ணன் உண்டு. அந்தோணி என்று பெயர். கட்டுமரத்தில் போய் மீன் பிடிக்கிறவர். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இவள் நாகர்கோவிலில் நர்சு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைச் சைக்கிளை மிதித்துக்கொண்டே ஊருக்குப் போயிருக்கிறாள். ஊர் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. உச்சியில் கோயில். பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். அண்ணன் எல்லோர் முன்னாலும் சைக்கிளைத் தூக்கிப் பாறையில் எறிந்தாராம். "மிதிக்கதா இருந்தா இந்த மேட்டுல ஏறாத" என்றாராம். அன்று சாயங்காலம் நடந்து இறங்கியவள் பிறகு ஏறவில்லை. அம்மா செத்த செய்தி எட்டாம் நாள் கார்டில் வந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் காகிதம் போடுவாள். பதில் வந்ததில்லை.

இந்த வருஷம் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். என்னிடம் இப்படிச் சொன்னாள்:

"மிதிச்சுக்கிட்டேதான் ஏறுவேன் யக்கா. வாசல்ல நிப்பேன். உள்ள வான்னா போவேன். சொல்லாட்டா திரும்பிருவேன். அதுக்குமேல எனக்கு அந்த ஊரு கிடையாது. ஒத்தையில போனா பாதியிலயே திரும்பிருவேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க."

நாங்கள் போனோம்.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. போகத்தான் வேண்டும் என்றால் ஒரு கல்லை எடுத்துக் கூட வைத்துக்கொண்டால் நாலு பேர் கணக்கு ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் கூழாங்கல்லை வைத்து ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. ஆள் கணக்கில் சேர்க்கிற கல் கொஞ்சமாவது கனக்க வேண்டாமா? நான் ஒரு கிலோவுக்குக் குறையாத கல்லாக எடுத்துக்கொண்டேன். ஜெயமணி சிலுவைக்காரி. "உங்க நாலாவது ஆளுக்கும் சேத்து இட்லி கட்டிருக்கீயளா யக்கா?" என்று சிரித்தாள்.

ஏழு மணிக்குப் பனவடலிசத்திரத்தில் தேநீர். கிளாஸ் இருபத்தைந்து பைசா. அங்கிருந்து தேவர்குளம் வரை ரோடு ஒரே நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் உளுந்துக் காடு, பருத்திக் காடு. முன்னால் போகிற மாட்டுவண்டியை எட்டிப் பிடிக்க அரை மணி நேரம் ஆகிறது, அந்த அரை மணி நேரமும் அது கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கிறது. மானூரில் ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கன போறிய மூணு பேரும்?"

"முட்டத்துக்கு" என்றேன்.

"ஏன், பஸ்ஸு ஓடலியா?"

"ஓடுது."

"பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு?"

சண்முகத்தாய் சொன்னாள்: "பஸ்ஸுல போயிருந்தா உம்ம மூஞ்சியப் பாத்திருக்க முடியாதுல்லா அண்ணாச்சி."

லாரியில் இருந்த மூட்டைக்காரர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த கல் வரை கேட்டது.

பன்னிரண்டரைக்குத் திருநெல்வேலி. ராத்தங்கல் பாளையங்கோட்டையில், ஜெயமணியோடு படித்த ஒரு நர்ஸ் வீட்டில்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பி நாங்குநேரிக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முப்பது கிலோமீட்டர். அங்கே சண்முகத்தாயின் பின்சக்கரம் பஞ்சர். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைத் தேடியதைவிட எங்கள் மூன்று பேரிடமும் விஷயத்தைத் தேடியதுதான் அதிகம். மகளுக்குச் சைக்கிள் படிக்க ஆசையாம், இவர் விடவில்லையாம். "கால் எலும்பு கோணிரும்னு சொல்லுதாங்களே, நெசமா?" என்று கேட்டார். நான் சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினேன். "பத்தொம்பது வருஷம். கோணிருக்கா பாரும்" என்றேன். அவர் பஞ்சருக்கு அறுபது பைசா வாங்கிக்கொண்டு, செயினுக்கு எண்ணெய் சும்மா விட்டார்.

வள்ளியூர் தாண்டிப் பணகுடியில் படுக்கை. இதுவரைக்கும் மலை தூரத்தில் நீல வேட்டி காயப்போட்டது மாதிரிக் கிடந்தது. பணகுடியில் வீட்டுக் கூரைக்குப் பின்னாலேயே நிற்கிறது.

சனிக்கிழமை காவல்கிணறு, ஆரல்வாய்மொழி. அங்கே மலைக்கு நடுவில் ஒரு வாசல் போலத் திறந்திருக்கிறது. காற்று எங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஒரு மைலுக்கு மேல் மிதிக்காமலே போனேன். வாசலைத் தாண்டியதும் பூமி வேறு. வயல், வாழை, தென்னை, அதற்குள் ஒரு குளம், குளம் நிறையத் தாமரை. ஒரு வாய்க்காலில் தண்ணீர் யாருக்கும் வேண்டாதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் இறங்கி நின்று பார்த்தாள். "இதுல பாதிய நம்மூருக்குத் திருப்பி விட்டா என்ன கொறைஞ்சு போகும் இவங்களுக்கு?" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் ஒரு ஊருக்கு வந்த இடத்தில் பொறாமையைக் காட்டக் கூடாது.

பதினொன்றரைக்கு நாகர்கோவில். மத்தியானம் ஜெயமணி தன் டூட்டி சேலையை, நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையை, கஞ்சி போட்டுக் காயவைத்தாள். வேறு நல்ல சேலை கொண்டுவந்திருந்தாள். ஏன் அதைக் கட்டவில்லை என்று கேட்டேன்.

"இந்த வேலைக்குப் படிக்கப் போயித்தான சைக்கிள் படிச்சேன். இந்தச் சேலையிலயே பாக்கட்டும்" என்றாள்.

நான் புருஷன் செத்த நாளிலிருந்து வெள்ளைதான். சண்முகத்தாய் மட்டும் ஊதா. எங்கள் துணிமணியெல்லாம் கேரியரில் கட்டிய தகரப் பெட்டிக்குள். பழைய மருந்துப் பெட்டி. நாங்கள் மூன்று பேரும் ஊர் ஊராகப் போகும்போது கட்டிக்கொள்கிற வழக்கமான பெட்டி. இதையெல்லாம் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கடல்காரர்கள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து எல்லா ஆண்களும் ஊரில் இருப்பார்கள், அண்ணனும் இருப்பார் என்று ஜெயமணி கணக்குப் போட்டிருந்தாள். ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

ராஜாக்கமங்கலம் வரை சமதரை. அதற்கப்புறம் ரோடு எங்கள் ஊர் ரோடு மாதிரி நடந்துகொள்ளவில்லை. செம்மண் மேடு, உடனே பள்ளம், பள்ளத்தில் ஓடை, மறுபடியும் மேடு. மேட்டில் ஏறினால் இடது கைப்பக்கம் கடல். இறங்கினால் கடல் காணாமல் போய்விடும், சத்தம் மட்டும் இருக்கும். கரிசலில் சைக்கிள் மிதித்த கால்களுக்கு மேடு என்றால் கண்மாய்க் கரைதான் தெரியும். கண்மாய்க் கரையை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தம்மில் ஏறிவிடலாம். இங்கே அந்த மாதிரி மூச்சைப் பிடித்தால் பாதி மேட்டில் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது மேட்டில் நான் இறங்கினேன். இறங்கி உருட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் எந்த ரோட்டிலும் இறங்காதவள். இறங்கியதோடு நிற்கவில்லை. அவர்கள் இருவரும் முன்னால் போன பிறகு, பையிலிருந்த கல்லை எடுத்து ஒரு கள்ளிச் செடிக்குள் போட்டேன்.

சண்முகத்தாய் மேட்டு உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

"யக்கா! நாலாவது ஆளு இறங்கிட்டாரா?"

"வாய மூடிட்டு மிதி."

"இப்பம் நாம மூணு பேருதானே?"

"அவரு பின்னால வருவாரு, நீ போடி."

முட்டத்தில் பத்தரை மணி. பாறைமேல் வெளிச்ச வீடு நிற்கிறது. கீழே அலை பாறையில் மோதி மோதிச் சிகப்பு மண்ணைக் கரைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கிழவி சுட்ட மரச்சீனிக் கிழங்கு விற்றாள். துண்டு பத்து பைசா. ஜெயமணி தின்னவில்லை. கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே, மேற்கே தெரிந்த அடுத்த மேட்டைக் காட்டினாள். உச்சியில் வெள்ளையாக ஒரு கோயில்.

"அதான்" என்றாள்.

பதினொன்றே கால் மணிக்கு அந்த மேட்டின் அடியில் நின்றோம். ரோடு இரண்டு வளைவாக ஏறுகிறது. ஜெயமணி சேலையைச் சரிசெய்துகொண்டாள். செருப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வெறுங்காலால் பெடலை மிதித்தாள். முதல் வளைவில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். இரண்டாவது வளைவில் சைக்கிள் பாம்பு மாதிரி இரண்டு பக்கமும் ஆடியது. இறங்கவில்லை. நானும் சண்முகத்தாயும் உருட்டிக்கொண்டே ஓடினோம். உச்சி வந்ததும் நானும் ஏறிக்கொண்டேன். ஊருக்குள் நுழையும்போது உருட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

கோயில் வாசல், அதன் முன்னால் மணல் முற்றம், இரண்டு பக்கமும் ஓலை வீடும் ஓட்டு வீடுமாக ஒரு தெரு. வாசல் தோறும் ஆட்கள். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து நடந்தது கால் நிமிஷம்கூட இருக்காது. ஒரு பிள்ளை எங்களைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடியது. மற்றப் பிள்ளைகளும் ஓடின. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. தெரு காலியாகிவிட்டது. ஒரு கோழி மட்டும் நின்றது. தெருவின் கடைசி வீட்டில், வாசலில் நின்ற ஓர் ஆள் எங்களைத் திரும்பிப் பார்த்து, அகலமான முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம்கூடக் கேட்டது.

ஜெயமணி ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

"அண்ணந்தான்" என்றாள். "அதே முதுகு. என்னப் பாத்துட்டுத்தான் போனான்."

"கதவத் தட்டிப் பாப்பமே" என்றாள் சண்முகத்தாய்.

"தட்ட மாட்டேன். வாசலுக்கு வந்தாச்சு. பாத்தாச்சு. ஊரே சாத்திருச்சு. வாங்க."

திரும்பி வந்த வழியில் போகவும் அவள் விரும்பவில்லை. தெருவைத் தாண்டி, மேற்குப் பக்கமாக மணவாளக்குறிச்சிக்குப் போகிற இறக்கத்தில் விட்டாள். பிரேக்கைப் பிடிக்கவே இல்லை. அவள் தலைப்பு மட்டும் முன்னால் பறந்துகொண்டு போவது தெரிந்தது. சண்முகத்தாய் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"கல்லத் தூக்கிப் போட்டீயள்லா யக்கா. அதான்."

 எனக்கும் அந்த எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இறக்கத்தின் அடியில் ஒரு ஓலைக் கொட்டகை டீக்கடை. ஜெயமணி பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கடைக்காரர் எங்கள் பெட்டியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு தைரியம் வந்து கேட்டார்.

"மேட்டுல எத்தன பேரப் பிடிச்சிய?"

"என்னத்தப் பிடிக்க?" என்றேன்.

"குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆளு பிடிக்க வந்தவியதானே? இப்பம் ஒரு பய குறுக்கு வழியா கீழ ஓடி வந்து சொல்லிட்டுப் போறான். மூணு நர்சம்மா, மருந்துப் பெட்டியோட, மணி அடிச்சுட்டு வந்தாவளாம். ஆம்பிளையெல்லாம் பேடிச்சு ஒளிஞ்சு கிடக்கானுவ. ரெண்டு பேரு கட்டுமரத்துக்கு அடியில கிடக்கானுவளாம்."

மணி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வேலையில் ஓர் ஊருக்குள் நுழைகிறபோது முதலில் நான்தான் நுழைவேன். சைக்கிள் மணியை நீளமாக மூன்று தடவை அடிப்பேன். பிள்ளைக்காரிகள் அதைக் கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், ஊசிக்கு. பத்தொன்பது வருஷம் அடித்த கட்டைவிரல். அந்த மேட்டின் மேல் வீடுகளைப் பார்த்ததும் அதுபாட்டுக்கு அடித்திருக்கிறது. நீளமாக, மூன்று தடவை. மூன்று பேரில் ஒருத்திக்கும் அது காதில் விழவில்லை. விழாது. அது எங்களுக்கு மூச்சு விடுகிற சத்தம் மாதிரி. எமர்ஜென்சியில் ஆள் பிடித்த பயம் போகாத ஊருக்கு அது வேறு சத்தம்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கல்லின் மேல் பழி போய்க்கொண்டிருந்தது, நன்றாகத்தான் இருந்தது. டீயைக் கீழே வைத்தேன்.

"ஜெயமணி. மணிய நாந்தான் அடிச்சேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த முதுகு உங்க அண்ணனா இருந்தா அறுவது வயசு முதுகால்லா இருக்கணும்? அவன் முப்பது வயசுக்காரன் மாதிரில்லா விறுவிறுன்னு உள்ள போனான்."

அவள் மேட்டை அண்ணாந்து பார்த்தாள். அவள் மனதில் அண்ணனுக்கு வயதே ஆகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்டாள்: "மேட்டு அந்தோணி வீட்டுல ஆம்பிளப் பிள்ளை உண்டா?"

"உண்டே. சேவியரு. அப்பன உரிச்சு வச்ச மாதிரி. மூணு பிள்ளைக்காரன். அவனுக்குத்தான் நல்ல பயம்."

"அந்தோணி?"

"கெழவருக்குக் கண்ணு மங்கல். ஞாயித்துக்கிழமன்னா மறுபக்கம் பாறையடியில சீட்டு விளையாட்டுப் பாத்துட்டு இருப்பாரு."

சண்முகத்தாய் எழுந்துவிட்டாள். ஜெயமணி எழவில்லை.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவ அந்த மேடு ஏற என்னால முடியாது யக்கா" என்றாள். காலைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. முதல் தடவை கதவு சாத்தியது தவறுதலாக என்று ஆகிவிட்டது. இரண்டாம் தடவை சாத்தினால் அது நிஜம்.

"அடிச்சவ நான். நான் போயிச் சொல்லிட்டு வாரேன். நீ இங்கனயே இரி" என்று சொல்லிக் கிளம்பினேன்.

மேற்குப் பக்கத்து ஏற்றம் கிழக்கைவிடக் கடுமை. நூறு அடியில் இறங்கிவிட்டேன். வெயில் தலைக்கு நேராக நின்றது. பாதி தூரம் உருட்டியிருப்பேன், பின்னால் செயின் உறுமுகிற சத்தம். ஜெயமணி என்னைத் தாண்டிப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சீட்டில் உட்காராமல்.

நானும் பின்னால் வந்த சண்முகத்தாயும் உச்சிக்குப் போனபோது தெருவில் இன்னும் ஆள் இறங்கவில்லை. கதவுகள் ஒரு சாண் அளவு திறந்திருந்தன. ஒவ்வொரு சாணிலும் ஒரு கண். கடைசி வீட்டு வாசலில் ஒரு கிழவர், இடது காலை இழுத்து நடக்கிறவர், பாறைப் பக்கமிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்தார். கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"யாரு?"

"ஜெயமணி."

கிழவர் புருவத்திலிருந்து கையை இறக்கினார்.

"ஊசி போட வந்தியா?"

"இல்ல."

"பின்ன?"

"சோறு திங்க வந்தேன்."

கிழவர் சைக்கிளைப் பார்த்தார். கண் மங்கல் என்பதால் கிட்டே வந்து ஹேண்டிலைத் தடவித்தான் பார்த்தார். சீட்டைத் தொட்டார். பெட்டியைத் தொட்டார்.

"இதுலயா வந்த? எங்கேருந்து?"

"சங்கரன்கோயில்லேருந்து."

"மேட்டுல?"

"இறங்கல. ரெண்டு தடவையும்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், அண்ணன் பெண்சாதி: "வெயில்ல நிக்கவிட்டு என்ன விசாரண? நாத்தனாள உள்ள கூப்பிடுதியளா இல்லியா?"

கிழவர் தொண்டையைச் செருமினார். "உள்ள வா" என்றார். பிறகு, "அத அங்கன கோயிலு சுவருல சாத்திட்டு வா."

வந்த காரியம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். ஜெயமணி நகரவில்லை.

"சைக்கிளும் வரும்" என்றாள்.

எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. நாலு நாள் பயணம், இருபத்தேழு வருஷம், எல்லாம் ஒரு சொல்லில் போய்விடும். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்த வீட்டு வாசற்படி உயரம். கதவு ஒடுக்கம். கிழவர் கதவைப் பார்த்தார், ஹேண்டிலைப் பார்த்தார். "திருப்பிப் பிடி, இல்லேன்னா இடிக்கும்" என்றார். ஜெயமணி முன்சக்கரத்தைப் படியில் ஏற்றினாள். கிழவர் குனிந்து, கெட்ட காலை ஊன்றிக்கொண்டு, பின்சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைத்தார்.

உள்ளே கதவுக்குப் பின்னால் சேவியர் இன்னும் ஒளிந்துகொண்டு நின்றான்.

"ஏலே, வெளிய வா" என்றார் கிழவர். "ஒங்க அத்தைதான்."

"ஊசி?"

"சோறு தின்ன பொறவுதான் போடுவா" என்றாள் சண்முகத்தாய். அந்த வீட்டில் முதல் சிரிப்பு அவன் அம்மா சிரித்ததுதான்.

நெய்மீன் குழம்பு, மரச்சீனி, சோறு. குழம்பில் தேங்காய் எங்கள் பக்கத்தைப் போல நாலு மடங்கு. யாரும் பழைய பேச்சு எடுக்கவில்லை. கிழவர் ஒரு தடவை மட்டும், "அம்மை ஒன்ன விசாரிச்சா" என்றார். ஜெயமணி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். சைக்கிள் அடுப்படிக்கும் வலைக் குவியலுக்கும் நடுவில் நின்றது. மூன்று பேரப்பிள்ளைகளும் மாறி மாறிப் பெடலைக் கையால் சுற்றினார்கள். பெட்டியில் துணி மட்டும்தான் என்று உறுதியான பிறகு, நாலு மணிக்குமேல் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து ஜெயமணியிடம் தங்கள் வயிற்று வலியையும் பிள்ளைகளின் சொறியையும் சொல்ல ஆரம்பித்தார்கள். டூட்டி எங்கே போனாலும் டூட்டிதான்.

இரண்டு நாள் இருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கிழவர் கோயில் முற்றம் வரை வந்தார். இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஜெயமணியின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். பின் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதாகச் சொன்னார். தேய்ந்துதான் இருந்தது.

"அடுத்த மட்டம் பஸ்ஸுல வாயேன்" என்றார்.

"மேட்டுக்குப் பஸ்ஸு வராதே" என்றாள்.

"வராது." கொஞ்சம் யோசித்தார். "சரி. மிதிச்சே வா."

ஜெயமணி ஏறி உட்கார்ந்தாள்.

எங்கள் ஊரில் ஒருத்தரை வழியனுப்பினால் அவர் போய்க்கொண்டே இருப்பது தெரியும். ரோடு பிரிகிற குருவிகுளம் விலக்கில் நின்றால் போகிறவர் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிற வரை பார்க்கலாம். போனவரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். கடற்கரை மேட்டில் அதற்கு இடமில்லை. ஒரு வளைவுதான். கிழவர் நின்ற இடம் மறைந்தது, கோயிலின் சிலுவை கொஞ்ச நேரம் தெரிந்தது, அதுவும் மறைந்தது. இரண்டில் எது நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இறக்கத்தில் திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவோம். அதனால் மூன்று பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு இறங்கினோம்.

ராஜாக்கமங்கலத்தில் தேநீர் குடிக்கும்போது ஜெயமணி கேட்டாள்: "யக்கா, மிதிச்சே வான்னுதான சொன்னான்?"

"ஆமா."

நாகர்கோவில் தாண்டி, எதிர்க்காற்றில், பக்கத்தில் வந்து கேட்டாள்: "கிண்டலா சொல்லலியே?"

"இல்ல."

ஆரல்வாய்மொழியில் காற்று எங்களை நிறுத்தியே விட்டது. மூன்று பேரும் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு உருட்டினோம். அந்தச் சத்தத்திலும் அவள் கத்திக் கேட்டாள். நானும் கத்தித்தான் சொன்னேன்.